செவ்வந்தி பார்க்காத கற்றை

மூடியைத் திறக்கும்போது செவ்வந்தி மூச்சை அடக்கிக்கொள்வார். சுற்றிலும் உள்ள திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, கனமான எஃகு மூடியை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்து, இடுக்கியால் உள்ளிருப்பதை எடுத்துக்கொண்டு மறுபடி மூடும் வரை மூச்சு கிடையாது. முகத்தில் துணி கட்டியிருக்கிறார். மூச்சு விட்டாலும் பெட்டிக்குள் போகப்போவதில்லை. கேட்டால், "பழகிப்போச்சுங்க. மூச்சுல ஈரம் இருக்குமில்லீங்களா?" என்கிறார். மூடி இறங்கிய பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு. அதன் பின்னாலேயே பம்பு ஓடத் தொடங்கும்.

பெயர்தான் செவ்வந்தி. தலையில் பூ வைத்து அவரை அவர் வேலை பார்க்கும் கல்லூரியில் யாரும் பார்த்ததில்லை. தேங்காயெண்ணெய், பவுடர், கைக்குப் பூசும் கிரீம் எதுவும் கிடையாது. பிசுக்குள்ளதும் வாசனையுள்ளதும் அந்த வெற்றிடப் பெட்டிக்கு ஆகாது. கல்யாண வீட்டில் மல்லிகைச் சரத்தை நீட்டினால் மறுக்காமல் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்வார். திரும்பும் வழியில் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் கொடுத்துவிடுவார். "வெச்சுக்கோ கண்ணு, எனக்கு ஆவாது." அந்தப் பெண்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்களாம். "புருசன் இல்லையோன்னு நெனச்சுக்குவாங்க. நெனச்சாப் போவுதுங்க."

புருஷன் ஆல்வின், கோவையின் கணபதிப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். வாய் நிறையச் சிரிப்பவர். "எங்க ஊட்டுல வைரத்தோடு இல்ல, வைர மூக்குத்தி இல்ல. ஆனா வைரத்தால வாரம் ஒரு சண்டை இருக்குதுங்க" என்று என்னிடம் சொன்னார். மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கணபதியில் அவர்கள் குடியிருக்கும் தெருவில் வீட்டுக்கு ஒரு லேத் ஓடுகிறது. செவ்வந்தியின் பெட்டிக்கு வேண்டிய எஃகு வளையங்களை அங்கே தம்பிதுரை என்பவர்தான் கடைந்து கொடுக்கிறார். இந்த அம்மா வருகிற ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் அவர் எழுந்து சோப்புப் போட்டுக் கை கழுவப் போய்விடுவார். அந்தப் பயம் தெரு முழுக்கப் பிரசித்தம்.

நான் அவரைத் தேடிப் போனது வேறொரு காரியமாக. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் வைரம் நகைக்கடைக்கு வந்துவிட்டதே, அதைப் பற்றி எழுதலாம் என்று விசாரித்தபோது, சத்தி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் ஓர் அம்மாள் பல வருஷமாக வைரம் வளர்க்கிறார் என்றார்கள். போய் நின்றதும் செவ்வந்தி சிரித்துவிட்டார்.

"நகைக்குங்களா? அதுக்கு நாங்க இல்லீங்க. எங்களுத மோதரத்துல வெச்சீங்கன்னா ஆரும் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்க."

கண்ணாடித் தட்டில் வைத்துக் காட்டினார். சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு சில்லு. பளபளப்பே இல்லை. பெரிதாக்கிக் காட்டும் கருவியின் திரையில் அதே சில்லைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வரிசை வரிசையாகக் கூம்புகள். நாலு பக்கமும் சரிந்து உச்சியில் ஊசியாக முடிகிற ஆயிரக்கணக்கான கோபுரங்கள், ஒன்றுபோல ஒன்று. தலைமுடி ஒன்றின் தடிமனுக்குள் பல கோபுரங்கள் அடங்கும்.

"பழைய டிவிப் பொட்டி ஞாபகம் இருக்குதுங்களா? பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்குமே, அதுக்குள்ள ஒரு கம்பி பழுக்கச் சூடாகி எலெக்ட்ரான உதுத்துட்டு இருக்கும். அந்தக் கத்தை வந்து அடிச்சுத்தான் படம் தெரியும். வைரத்துக்குச் சூடு காட்டவே வேண்டாமுங்க. முனை கூரா இருந்து, எதுத்தாப்பல மின்சாரம் நின்னு இழுத்தாப் போதும். அது பாட்டுக்குக் கெளம்பி வந்துரும். அதுவும் எம்புட்டு! இம்புட்டூண்டு சில்லுல இருந்து மளமளன்னு வரும்."

கோபுரங்களைச் செதுக்குவதில்லை. சிலிக்கான் தகட்டில் முதலில் அதே வடிவத்தில் நுண்ணிய குழிகள் வெட்டுகிறார்கள். அதைப் பெட்டிக்குள் வைத்து, மீத்தேனும் ஹைட்ரஜனும் விட்டு, மைக்ரோவேவ் அலையால் பற்றவைத்தால் உள்ளே செந்நீலமாக ஒரு ஒளிப்பந்து நிற்கிறது. அதிலிருந்து கரி அணு அணுவாக இறங்கிக் குழிகளை வைரமாக நிரப்புகிறது. பிறகு சிலிக்கானைக் காரக் கரைசலில் கரைத்துவிட்டால் வைரக் கோபுரங்கள் மட்டும் மிஞ்சும். கேட்க எளிது. ஆறும்போது பாதிச் சில்லுகள் விரிசல் விட்டு உரிந்துபோகும். மிச்சத்தில் பாதிக்கு முனை மழுங்கியிருக்கும்.

தேறிவருகிற ஒன்றைத் துகள்முடுக்கி எந்திரத்தின் வாயில் பொருத்தினால், அதிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான் கற்றையை ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் விரட்டலாம். புற்றுக்கட்டியைச் சுடுகிற கருவிகளைச் சின்னதாக்கலாம் என்கிறார்கள், உலோகத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம் என்கிறார்கள். அப்படிப்பட்ட எந்திரம் கோவையில் இல்லை. வடக்கே ரயிலில் இரண்டு நாள் தூரத்தில் ஓர் அரசு ஆய்வு நிலையத்தில் இருக்கிறது. வருஷத்தில் சில நாள்தான் வெளியாட்களுக்கு ஒதுக்குவார்கள்.

செவ்வந்தி அந்தியூர்ப் பக்கத்துக்காரர். அம்மா பாவாத்தாள் மஞ்சள் காட்டிலும் கரும்புக் காட்டிலும் கூலிக்குப் போனவர். அப்பா செவ்வந்தி கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். பாவாத்தாளின் குரல் அந்த வட்டாரத்தில் பேர்போனது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கம் நாலு காடு தாண்டி ஆள் திரும்புமாம். அந்தக் குரலாலேயே தோட்ட முதலாளிகளிடம் நியாயம் கேட்டு, அந்தக் குரலாலேயே மகளைக் கோவைக்கு அனுப்பி இயற்பியலில் முதுகலை வரை படிக்கவைத்தார். மகள் வைரம் வளர்க்கிறாள் என்று கேள்விப்பட்டபோது பஸ் ஏறி வந்து சில்லைப் பார்த்தார். "இதுக்கா கண்ணு இந்தப் பாடு? அடுப்புல இருந்து நாலு கரி எடுத்துட்டு வந்திருப்பனே" என்று கல்லூரியே திரும்பிப் பார்க்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்லும்போது செவ்வந்திக்குச் சிரிப்பு வருகிறது, பாதியில் நின்றும்விடுகிறது.

ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஸ்ரீனிவாஸ் பேராசிரியர். பீளமேட்டில் நூல்மில் வைத்திருந்த குடும்பம். மில்லுக்குப் போகாமல் படிக்கப் போன முதல் ஆள். அவரும் செவ்வந்தியும் சேர்ந்துதான் வெறும் அறையில் இந்தப் பெட்டியை உருவாக்கினார்கள். ஏழெட்டு வருஷம் உழைத்து, நான்கு வருஷத்துக்கு முன்னால், குறையில்லாத ஒரு சில்லு கையில் வந்தது. வடக்கே நாளும் கிடைத்தது.

விமானத்தில் போக முடியாது. பெட்டியைத் திறந்து காட்டு என்பார்கள். திறந்தால், சுத்தம் செய்து அடைத்த சில்லில் காற்றுப் பட்டுவிடும். ஆகவே சூட்கேஸ் அளவுக்கு ஒரு எஃகுப் பெட்டி, அதற்குள் வெற்றிடம், அதைக் காக்க பாட்டரியில் ஓடும் குட்டிப் பம்பு. ரயிலில் போன் சார்ஜ் செய்யும் துளையில் அதற்கு மின்சாரம். எதிர் இருக்கைக்காரர் என்ன அது என்று கேட்க, ஸ்ரீனிவாஸ் 'வைரம்' என்று தொடங்கப் பார்த்தாராம். செவ்வந்தி குறுக்கே விழுந்து, "மருந்துங்க, மருந்து. குளுச்சியா வெக்கோணும்" என்று சமாளித்திருக்கிறார்.

திருப்பூர் தாண்டியதும் போன் வந்தது. அந்தியூரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர். பாவாத்தாள் வரப்பில் விழுந்துகிடந்தார், ஒரு பக்கம் கை கால் வரவில்லை, ஈரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

"போனைக் கையில வெச்சுட்டு உக்காந்தேனுங்க. எந்திரிக்கவே முடியல. மடியில அந்தப் பொட்டி. சார்தான் சொன்னாரு, 'எறங்குங்க செவ்வந்தி. ஈரோடு வருது. நான் பாத்துக்கறேன்'னு."

ஈரோட்டில் இறங்கினார். வண்டி நின்ற கொஞ்ச நேரமும் ரயில் பெட்டியின் வாசலுக்கு வெளியே நின்றபடி ஸ்ரீனிவாஸிடம் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்ததும் கூடவே நடந்தார். "பச்ச லைட்ட மட்டும் பாத்துட்டே இருங்க சார். மஞ்சளாச்சுன்னா சார்ஜர மாத்திப்போடுங்க. ஆரு கேட்டாலும் தெறந்துபோடாதீங்க சார்." பிளாட்பாரம் முடிகிற இடத்தில் நின்றபோதுதான் மாற்றுத்துணிப் பையும் வண்டியோடு போய்விட்டது தெரிந்தது.

அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரி. பாவாத்தாளுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு கட்டிலுக்குக் கீழேயே செவ்வந்தி படுத்திருந்தார். அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். "பக்கத்துக் கட்டில்ல ஆராவது 'ஏ'ன்னு கூப்புட்டாக்கூடத் திரும்பித் திரும்பிப் பாப்பேனுங்க. அம்மாதான் கூப்புட்டாங்களோன்னு."

ஒரு மத்தியானம் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தபோது ஸ்ரீனிவாஸ் கூப்பிட்டார். நடைக்கு வந்து எடுத்தார்.

"வந்துருச்சுங்க செவ்வந்தி. கத்தை வந்துருச்சு. நாம கணக்குப் போட்டதுக்கு மேலயே எச்சா வந்துது."

"எப்பிடி இருந்துச்சுங்க சார்?"

அவர் மின்னோட்டம் எவ்வளவு என்று சொன்னார், கற்றையின் அகலம் சொன்னார். செவ்வந்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மறுபடி, "எப்பிடி இருந்துச்சுங்க?" என்றார். பிறகு, "ரூம்ல ஒரு நிமிசம் ஆருமே பேசலீங்க" என்றார் ஸ்ரீனிவாஸ்.

உள்ளே வந்து அம்மாவின் காதருகே குனிந்து, "அம்மா, வந்துருச்சும்மா" என்றார். பாவாத்தாள் அவர் முகத்தையே பார்த்தார். உதடு கோணியது. "அம்மணி" என்றார்.

அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளையைப் பிரியமாகக் கூப்பிடுகிற சொல்; விழுந்த நாளிலிருந்து அவர் பேசிய முதல் சொல் அதுதான். நர்சு ஓடிவந்தார். செவ்வந்தி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பேச்சு திரும்பிவிட்டது என்று வார்டே சந்தோஷப்பட்டது. "நான் எதுக்கு அழுவறேன்னு எனக்கே தெரியலீங்க. அம்மாவுக்குப் பேச்சு வந்ததுக்கா, நான் அங்க இல்லாம போனதுக்கா? ரெண்டும் ஒண்ணாச் சேந்துக்கிச்சு."

பேச்சு திரும்பவில்லை. அந்த ஒரு சொல்தான் வந்தது. இன்றைக்கும் அதுமட்டும்தான். கணபதி வீட்டில் முன்னறையில் கட்டில். தண்ணீர் வேண்டுமென்றாலும் 'அம்மணி', வலித்தாலும் 'அம்மணி', மருமகன் டிவியைச் சத்தமாக வைத்தால் அவரும் 'அம்மணி'. "எங்க ஊட்டுல நானும் அம்மணி, பால்காரனும் அம்மணி" என்கிறார் ஆல்வின். மாமியாரைத் தூக்கி உட்காரவைப்பதில் அவர் இப்போது கைதேர்ந்தவர். எந்த 'அம்மணி'க்கு என்ன பொருள் என்று செவ்வந்தி ஓரளவு சொல்லிவிடுவார். ஆனால் சில ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், வேலையில்லாமல் இருக்கும்போது, கட்டில் ஓரம் உட்கார்ந்து, "ஒருக்கா சத்தம் போட்டுக் கூப்புடேம்மா" என்று கேட்பாராம். பாவாத்தாள் ஜன்னலைப் பார்ப்பாராம்.

ஸ்ரீனிவாஸ் திரும்பிவரும்போது சில்லைக் கொண்டுவந்தார். எவ்வளவு தாங்கும் என்று பார்க்க மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய்க் கடைசி நாளில் அதைக் கருகவிட்டிருந்தார்கள். அதுவும் சோதனையில் சேர்த்திதான். பெரிதாக்கிப் பார்த்தபோது கோபுர வரிசையில் அங்கங்கே எரிமலை வாய்போலக் குழிகள். செவ்வந்தி குறை சொல்லவில்லை. அதை ஒரு டப்பியில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த தகட்டைக் கழுவ ஆரம்பித்தார்.

ஆய்வுக் கட்டுரை வந்தது. அவர் பெயரும் இருந்தது. மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். நகைக்கு வைரம் வளர்க்கும் ஒரு கம்பெனி நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டது. போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அந்த ஒரு நிமிசம் எனக்கு வேணுமுங்க."

எனக்குப் புரிய வேண்டும் என்று அவரே தொடர்ந்தார். "கத்தையக் கண்ணால பாக்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? அது குழாய்க்குள்ள போவுது. சுத்தியும் ஆளுசரத்துக்கு மேல கான்கிரீட்டு. உள்ள ஆளே இருக்கக் கூடாது. வெளிய கம்ப்யூட்டர்ல ஒரு புள்ளி தெரியும், அவ்வளவுதான். அந்தப் போட்டோவ சார் அன்னைக்கே அனுப்பிப்போட்டாரு. நூறு தரம் பாத்துட்டேன். ஆனா அது வாரப்ப நான் அங்க இருக்கோணும். நம்ம கையில வளந்தது மொத மொதலா வெளிய வருது, நாம பக்கத்துல இல்லீன்னா எப்பிடிங்க?"

அடுத்த சில்லுக்கு நான்கு வருஷம் போயிற்று. ஒன்று மின்சாரம் போய் ஒளிப்பந்து அணைந்ததில் பாழ். இரண்டு மூன்று உரிந்தன. ஒன்று எல்லாம் நன்றாக வந்து, இங்கேயே செய்த சின்னச் சோதனையில் பொறி பறந்து கருகிற்று. நான் அவரிடம் போக ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். அது கருகிய அன்றைக்கும் போயிருந்தேன். டீ வாங்கிக் கொடுத்து, "அப்பறம் வாங்க, இன்னிக்கு மனசு செரியில்ல" என்று அனுப்பிவிட்டார். போன டிசம்பரில் ஒன்று தேறியது. பிப்ரவரியில் வடக்கே நாள் கிடைத்தது. ஸ்ரீனிவாஸ் கேட்காமலே இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார்.

செவ்வந்தி போவதாக இல்லை. அம்மாவை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. மகள் லீவு போட்டு வருகிறேன் என்றாள். ஆல்வின், "நான் இருக்கறேன், போ" என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் கோபித்துக்கொண்டார். கிளம்ப வேண்டிய நாள் மத்தியானம்வரை பையில் துணி வைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு வழக்கம்போல வந்து கட்டிலோரம் உட்கார்ந்து ரசஞ்சாதத்தைக் கரண்டியில் எடுத்து நீட்டினார். பாவாத்தாள் வாயைத் திறக்கவில்லை. இடக்கையை நீட்டிக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். நான்கு வருஷமாக, டாக்டர் எவ்வளவு சொல்லியும் தானாகச் சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர். சேலை முழுக்கச் சோறு சிந்த, ஒவ்வொரு வாயாக எடுத்துத் தின்றார். தின்றுகொண்டே மகளை முறைத்துப் பார்த்தார். தட்டுக் காலியானதும் கரண்டியை வைத்துவிட்டு, "அம்மணி" என்றார். இத்தனை வருஷத்தில் அவ்வளவு சத்தமாக அந்தச் சொல்லைச் சொன்னதில்லை என்கிறார் ஆல்வின். செவ்வந்தி எழுந்துபோய்த் துணி எடுத்து வைத்தார்.

அங்கே நடந்ததைச் செவ்வந்தியிடம் கேட்டேன். "நல்லா வந்துதுங்க" என்று சொல்லிவிட்டுத் தகடு கழுவப் போய்விட்டார். மிச்சத்தை ஸ்ரீனிவாஸிடம்தான் வாங்க முடிந்தது.

கட்டுப்பாட்டு அறையில் ஏழெட்டுப் பேர். செவ்வந்திக்குத் திரைக்கு நேரெதிரே முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். எந்திர அறையின் கதவைப் பூட்டி, மணி அடித்து, சிவப்பு விளக்குப் போட்டு, மின்னழுத்தத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக ஏற்றினார்கள். திரை ரொம்ப நேரம் இருட்டாகவே இருந்தது. பிறகு நடுவில் ஒரு பொட்டு. மங்கலாக வந்து, துடித்து, நிலைத்து நின்றது. போன தடவையைவிடப் பிரகாசம். யாரும் பேசவில்லை.

"நான் இவங்க மொகத்தப் பாக்கலாம்னு திரும்புனேனுங்க. நாற்காலி காலி."

பின்புறம் திரும்பிப் பார்த்திருக்கிறார். அறையின் கோடியில், எந்திரம் இருக்கும் பக்கத்துக் கான்கிரீட் சுவர். அங்கே ஒரு தீயணைப்பானும் பழைய காலண்டரும் தவிர வேறொன்றும் கிடையாது. செவ்வந்தி எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அந்தச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். இரண்டு உள்ளங்கையும் விரிந்து சுவரில் பதிந்திருந்தன.

"அந்தச் செவுத்துல ஒண்ணும் தெரியாதுங்க. சூடு வராது, அதிர்வு வராது. வரக் கூடாதுன்னுதானே அவ்வளவு கனமாக் கட்டியிருக்காங்க. அது அவங்களுக்கும் தெரியும். 'செவ்வந்தி, இங்க வாங்க, திரையப் பாருங்க'ன்னு மெதுவாக் கூப்புட்டேன்."

அவர் திரும்பாமலே, இருங்கள் என்பதுபோல ஒரு கையை மட்டும் எடுத்துக் காட்டிவிட்டு, மறுபடி அதைச் சுவரில் வைத்துக்கொண்டார்.